விஎம் கிளஸ்டருக்கு ஐஸ்கஸி டிஸ்க்: பாதை இரண்டு இருந்தும் ஸ்டோரேஜ் ஏன் அறுந்து விழுகிறது?

குட்டி_அட்மின் | 4 மார்ச் 2024, இரவு 9.12

இரண்டு ஹைப்பர்-வி ஹோஸ்ட் (விஎம் எனும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சர்வர்), விண்டோஸ் சர்வர் 2019, இரண்டும் ஒரே கிளஸ்டரில். அவற்றின் மேல் இரண்டு விஎம், விண்டோஸ் 2016. அந்த இரண்டு விஎம்மையும் சேர்த்து எஸ்க்யூஎல் சர்வருக்கு இன்னொரு ஃபெயிலோவர் கிளஸ்டர் (ஒரு நோடு, அதாவது ஒரு கணினி, விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும் அமைப்பு). டேட்டா டிஸ்க் ஒரு என்ஏஎஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ்) பெட்டியிலிருந்து ஐஸ்கஸி (டிஸ்கை நெட்வொர்க் வழியே தரும் முறை) வழியாக நேராக விஎம்முக்குள் வருகிறது. ஹோஸ்டில் இரண்டு 10 ஜிகாபிட் போர்ட்டை டீம் போட்டு (ஒன்றாகச் சேர்த்து) ஒரே வி-ஸ்விட்சில் (ஹோஸ்டுக்குள் இருக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) கொடுத்திருக்கிறேன். ஆகவே பாதை இரண்டு இருக்கிறது.

சிக்கல் மூன்று. ஸ்விட்சை ரீபூட் செய்தால் டிஸ்க் போய், எஸ்க்யூஎல் விழுகிறது. லைவ் மைக்ரேஷனில் (ஓடும் விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்துவது) சில நேரம் கிளஸ்டர் ஒரு நோடை வெளியே தள்ளுகிறது. புதிதாக வந்த இன்னொரு பெட்டியிலிருந்து லன் (பெட்டி தரும் டிஸ்க்) கொடுத்தால் கிளஸ்டர் வேலிடேஷனில் ஸ்கஸி-3 பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷன் (டிஸ்கை ஒரு நோடு தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் முறை) டெஸ்ட் ஃபெயில்.

விஎம்முக்குள் ஐஸ்கஸி வைப்பதே தப்பு, ஷேர்டு விஎச்டிஎக்ஸுக்கு (விஎம்கள் பகிரும் டிஸ்க் ஃபைல்) போ என்கிறார்கள். போகட்டுமா?

லன்_காவலன் | 4 மார்ச் 2024, இரவு 10.05

போக வேண்டாம். விஎம்முக்குள் ஐஸ்கஸி மைக்ரோசாஃப்ட் முறையாக ஆதரிக்கும் வழி. ஹைப்பர்-வியில் ஷேர்டு விஎச்டிஎக்ஸ் வந்ததே 2012 ஆர்2-வில்தான். அதற்கு முன் கட்டிய கெஸ்ட் கிளஸ்டர்கள் (விஎம்களால் ஆன கிளஸ்டர்கள்) பெரும்பாலும் ஐஸ்கஸியில்தான் ஓடின.

உங்களிடம் பாதை இரண்டு இல்லை, ஒன்றுதான். விஎம்முக்குள் ஒரு நிக் (நெட்வொர்க் கார்டு), ஒரு ஐபி, ஒரு ஐஸ்கஸி செஷன். அந்த செஷன் ஒரு டிசிபி இணைப்பு. டீமில் எத்தனை போர்ட் இருந்தாலும் அந்த இணைப்பு ஒரு நேரத்தில் ஒரு போர்ட்டில்தான் ஓடும். டீம் போர்ட்டை மாற்றிக்கொள்ளும் வரை டிஸ்க் கேட்ட பதில் வராது. இரண்டு போர்ட்டும் ஒரே ஸ்விட்சுக்குப் போகிறது என்றால் மாறிக்கொள்ளவும் இடமில்லை. ஸ்டோரேஜ் பாதைக்கு டீம் வேண்டாம், எம்பிஐஓ (ஒரே டிஸ்குக்குப் பல பாதைகளைக் கையாளும் விண்டோஸ் வசதி) வேண்டும். பாதை எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்பதை டிஸ்க் அடுக்கே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கேள்வி: ஸ்விட்ச் ஒன்றா, இரண்டா?

குட்டி_அட்மின் | 4 மார்ச் 2024, இரவு 10.21

10 ஜிகாபிட் ஸ்விட்ச் இரண்டு இருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒன்றில்தான் சொருகியிருக்கிறது. என்ஏஎஸ்ஸில் 10 ஜிகாபிட் போர்ட் இரண்டு. ஹோஸ்டில் தனியாக 1 ஜிகாபிட் போர்ட் நான்கு.

லன்_காவலன் | 5 மார்ச் 2024, காலை 6.50

அப்படியானால் வன்பொருள் எதுவும் வாங்க வேண்டாம், கேபிளை மாற்றினால் போதும்.

ஹோஸ்டில் 10 ஜிகாபிட் டீமைக் கலையுங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி வி-ஸ்விட்ச்: ஒன்றுக்கு ஐஸ்கஸி-ஏ, இன்னொன்றுக்கு ஐஸ்கஸி-பி என்று பெயர். பெயர் இரண்டு ஹோஸ்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லைவ் மைக்ரேஷன் நின்றுவிடும். ஏ போர்ட் எல்லாம் முதல் ஸ்விட்சுக்கு, பி போர்ட் எல்லாம் இரண்டாவதற்கு. என்ஏஎஸ் போர்ட்டும் அப்படியே. அலுவலக லேன், ஹார்ட்பீட் (நோடு உயிரோடு இருப்பதைச் சொல்லும் சிக்னல்), லைவ் மைக்ரேஷன் மூன்றும் 1 ஜிகாபிட் போர்ட்களில். அங்கே டீம் போடலாம், நல்லது.

இரண்டு பாதைக்கும் தனித்தனி சப்நெட் கொடுங்கள். ஏ பக்கம் 10.10.1.0/24, பி பக்கம் 10.10.2.0/24. முதல் நோடுக்கு 10.10.1.11, 10.10.2.11, இரண்டாவதற்கு கடைசி எண் 12, என்ஏஎஸ்ஸுக்கு 50. ஒரே சப்நெட்டில் இரண்டு நிக் வைத்தால் விண்டோஸ் தனக்குப் பிடித்த நிக் வழியாகவே எல்லாவற்றையும் அனுப்பும், எம்பிஐஓ திரையில் பாதை இரண்டு என்று காட்டும், கேபிளைப் பிடுங்கும்போதுதான் குட்டு உடையும். இந்த நிக்குகளில் கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் காலியாக இருக்கட்டும். டிஎன்எஸ்ஸில் பதிவு செய்யும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் எஸ்க்யூஎல் நோடின் பெயர் ஸ்டோரேஜ் ஐபிக்குப் போய் நிற்கும்.

இனி விஎம்முக்குள். வரிசை முக்கியம்.

எம்பிஐஓ ஃபீச்சரை முதலில் நிறுவுங்கள். அதன் திரையில் ஐஸ்கஸி சாதனங்களுக்கு ஆதரவு என்ற டிக்கைப் போட்டு ரீபூட் செய்யுங்கள். இதைச் செய்யாமல் இரண்டு செஷன் போட்டால் ஒரே லன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இரண்டு டிஸ்காகத் தெரியும். அதைப் பார்த்து இரண்டையும் ஆன்லைன் செய்யப் போகிறவர்கள் உண்டு.

பிறகு ஐஸ்கஸி இனிஷியேட்டரில் (டிஸ்கைக் கேட்கும் பக்கம்; தரும் பக்கம் டார்கெட்) டிஸ்கவரி பக்கத்தில் 50-ல் முடியும் இரண்டு முகவரிகளையும் சேருங்கள். போர்ட் 3260. டார்கெட்டில் கனெக்ட் அழுத்தும்போது மல்டி-பாத் டிக் போட்டு, அட்வான்ஸ்டுக்குள் போய் மூன்று பெட்டியையும் கையால் நிரப்புங்கள்: லோக்கல் அடாப்டர், இனிஷியேட்டர் ஐபி, டார்கெட் போர்ட்டல் ஐபி. எதையும் டிஃபால்ட் என்று விடாதீர்கள். முதல் செஷன் 1.11-லிருந்து 1.50-க்கு. அதே டார்கெட்டில் மறுபடி கனெக்ட், இந்த முறை 2.11-லிருந்து 2.50-க்கு. முடிந்ததும் ஃபேவரிட் டார்கெட்ஸ் பக்கத்தில் இரண்டு வரி இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தால் அடுத்த ரீபூட்டுக்குப் பிறகு ஒரு பாதையில்தான் எழுந்திருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

சரிபார்க்க: எம்பிகிளெய்ம் -எஸ் -டி. டிஸ்க் எண்ணைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு பாதையின் நிலையும் தனித்தனியாக வரும்.

கேபிள்ராணி | 5 மார்ச் 2024, காலை 9.30

ஸ்விட்ச் பக்கம் நான் சொல்கிறேன்.

ஹோஸ்டும் என்ஏஎஸ்ஸும் சொருகியிருக்கும் போர்ட் எல்லாவற்றிலும் போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காமல் உடனே பாக்கெட்டை விடும் அமைப்பு) போடுங்கள். பழைய ஸ்பானிங் ட்ரீயில் (நெட்வொர்க்கில் லூப் வராமல் தடுக்கும் முறை) போர்ட் எழுந்ததும் 15 விநாடி கேட்கும், 15 விநாடி கற்கும், அதன் பிறகுதான் பாக்கெட்டை விடும். கேபிள் ஒரு நொடி ஆடியதற்கு ஸ்டோரேஜுக்கு அரை நிமிடம் இருட்டு.

ஜம்போ ஃப்ரேம் (வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்) வேண்டுமென்றால் எல்லா இடத்திலும் 9000 பைட், இல்லையென்றால் எல்லா இடத்திலும் 1500. ஒரு கண்ணி மட்டும் 1500-ல் இருந்தால் லாகின் ஆகும், லன் தெரியும், சின்ன ஃபைல் படிக்கும். பெரிய ரைட் வந்ததும் தொங்கும். எல்லாம் சரி என்று தோன்றும்போது வருகிற கோளாறு இது, அதனால்தான் கண்டுபிடிக்க நேரம் எடுக்கும். சோதனை எளிது. விஎம்முக்குள்ளிருந்து: பிங் -எஃப் -எல் 8972 10.10.1.50. ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பிக்கு 8, இரண்டையும் 9000-லிருந்து கழித்தால் 8972. துண்டாக்க வேண்டும் என்று பதில் வந்தாலோ, பதிலே வராவிட்டாலோ ஒரு கண்ணி சின்னதாக இருக்கிறது. விண்டோஸ் நிக் டிரைவரில் இது 9014 என்று எழுதியிருக்கும், பயப்பட வேண்டாம், ஈதர்நெட் தலைப்பின் 14-ஐயும் சேர்த்து எழுதுகிறார்கள். ஹோஸ்டின் ஃபிசிக்கல் நிக், விஎம்மின் நிக், ஸ்விட்ச் போர்ட், என்ஏஎஸ் போர்ட், நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டு பாதையிலும், இரண்டு நோடிலிருந்தும், இரண்டு ஹோஸ்டின் மேலும் பிங் அடிக்க வேண்டும். விஎம் இன்னொரு ஹோஸ்டுக்குப் போனதும் உடைகிற அமைப்புகள் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன.

10 ஜிகாபிட்டில் ஜம்போவால் கிடைக்கும் லாபம் இருக்கிறது, ஆனால் ஆளைத் தூக்கிப் போடும் அளவு இல்லை. சந்தேகம் இருந்தால் 1500-லேயே விட்டு, மற்றதெல்லாம் நிலைத்த பிறகு ஏற்றுங்கள்.

குட்டி_அட்மின் | 6 மார்ச் 2024, இரவு 11.02

கேபிளும் சப்நெட்டும் மாற்றியாகிவிட்டது. பாதை இரண்டும் தெரிகிறது. ஏ ஸ்விட்சை ரீபூட் செய்தேன். எஸ்க்யூஎல் விழவில்லை, ஆனால் 20 விநாடிக்கு மேல் உறைந்து நின்றது. இன்னொரு விநோதம்: ஸ்விட்ச் இறந்து கிடக்கும்போதும் விஎம்முக்குள் ஐஸ்கஸி-ஏ நிக் இணைப்பில் இருப்பதாகவே காட்டியது.

லன்_காவலன் | 7 மார்ச் 2024, காலை 7.15

விநோதம் இல்லை. விஎம்மின் நிக் சொருகியிருப்பது வி-ஸ்விட்சில். வி-ஸ்விட்ச் உயிரோடுதான் இருக்கிறது. வெளியே கேபிள் அறுந்த செய்தி உள்ளே போகாது. ஃபிசிக்கல் சர்வரில் லிங்க் விழுந்த கணமே இனிஷியேட்டருக்குத் தெரியும். விஎம்மில் பதில் வராமல் போவதை வைத்துத்தான் அது ஊகிக்க வேண்டும். ஃபிசிக்கல் சர்வருக்கு எழுதிய டைம்அவுட் அறிவுரையை விஎம்முக்கு அப்படியே போடக் கூடாது என்பது இதனால்தான்.

உங்கள் உறைவு நேரத்தில் என்ன நடந்தது என்று ஈவென்ட் லாகைத் திறந்து பாருங்கள். சிஸ்டம் லாகில் ஐஸ்கஸிபிஆர்டி என்ற மூலத்திலிருந்து ஈவென்ட் எண் 20 வந்திருக்கும்: டார்கெட்டுடன் இணைப்பு போனது, மறுபடி முயல்கிறேன். அதற்கு முன்போ பின்போ 9: கேட்டதற்கு டார்கெட் நேரத்துக்குள் பதில் தரவில்லை. சில நேரம் 39: ரீசெட் அனுப்பினேன். அப்புறம் டிஸ்க் மூலத்திலிருந்து 153: ஐஓ (படிக்கும்-எழுதும் கோரிக்கை) மறுபடி அனுப்பப்பட்டது. இதோடு நின்றால் எம்பிஐஓ தன் வேலையைச் செய்துவிட்டது. இதற்குப் பிறகு ஃபெயிலோவர் கிளஸ்டரிங்கிலிருந்து 1069-உம் 1038-உம் வந்தால் டிஸ்க் கையை விட்டுப் போய்விட்டது என்று பொருள். 1135 வேறு ஜாதி, அது நோடு வெளியேற்றம். அதற்கு ஹார்ட்பீட்டைத்தான் பார்க்க வேண்டும், ஸ்டோரேஜை நோண்ட வேண்டாம்.

இப்போது எண்கள்.

லிங்க்டவுன்டைம்: இயல்பு 15 விநாடி. இணைப்பு போனபின் அந்தப் பாதையில் காத்திருக்கும் ஐஓக்களை எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்துவிட்டு அடுத்த பாதைக்குத் தள்ளுவது என்பதை இது முடிவு செய்கிறது. இணைப்பு போனதே தெரிய டிசிபி மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும் நேரம் இதற்கு முன்னால் சேரும். உங்கள் 20 சொச்சம் அப்படி வந்ததுதான். இதை 5 அளவுக்குக் குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் என்ஏஎஸ் சற்று மூச்சு வாங்கினாலே பாதைகள் முன்னும் பின்னும் ஆடும்.

மேக்ஸ்ரிக்வெஸ்ட்ஹோல்டுடைம்: இயல்பு 60. எம்பிஐஓ இல்லாத டிஸ்குக்கு மட்டும். உங்களுக்கு இப்போது பொருட்டில்லை. எம்பிஐஓ போட்டவர்கள் இதை மாற்றிவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று நிற்பார்கள்.

பிடிஓரிமூவ்பீரியட்: இயல்பு 20. இதுதான் ஆளைக் கொல்வது. எல்லாப் பாதையும் ஒரே நேரத்தில் செத்தால், எம்பிஐஓ இத்தனை விநாடி டிஸ்கை உயிரோடு இருப்பதுபோலப் பிடித்து வைத்திருக்கும். அதற்குள் ஒரு பாதையாவது திரும்பாவிட்டால் டிஸ்கையே கழற்றிவிடும். என்ஏஎஸ் ஃபர்ம்வேர் போட்டு ரீஸ்டார்ட் ஆகும்போதும், இரட்டை கன்ட்ரோலர் பெட்டியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போதும் இரண்டு பாதையும் சேர்ந்தே மௌனமாகும். தாவ 40 விநாடி எடுக்கும் பெட்டிக்கு 20 விநாடி வைத்தால் என்ன ஆகும்? உங்கள் பெட்டி தாவும் நேரத்தை அளந்து, அதைவிடத் தாராளமாக வையுங்கள். 60, 90, 120 எதுவானாலும் அளந்த பிறகு.

பாத் வெரிஃபை: இயல்பில் அணைந்திருக்கும். போட்டுவிடுங்கள். சும்மா கிடக்கும் பாதை செத்துப்போனதை, அது தேவைப்படும் நேரத்தில் கண்டுபிடிப்பதில் என்ன பயன்?

டிஸ்க் டைம்அவுட்வேல்யூ: இயல்பு 60. அப்படியே இருக்கட்டும்.

பிடிஓ, பாத் வெரிஃபை, டிஸ்க் டைம்அவுட் மூன்றையும் பவர்ஷெல்லில் செட்-எம்பிஐஓசெட்டிங் வழியாக மாற்றலாம், பிறகு ரீபூட். லிங்க்டவுன்டைம் ரெஜிஸ்ட்ரியில் ஸ்டோரேஜ் அடாப்டர் கிளாஸின் கீழ் 0000, 0001 என்று எண்ணிட்ட கிளைகளில் ஒன்றில் இருக்கும். எந்த எண் என்பது ஒவ்வொரு விஎம்மிலும் மாறலாம். டிரைவர் விவரத்தில் மைக்ரோசாஃப்ட் ஐஸ்கஸி இனிஷியேட்டர் என்று இருக்கும் கிளையில்தான் கை வைக்க வேண்டும். இரண்டு நோடிலும் ஒரே எண்ணை நம்பி ஸ்கிரிப்ட் ஓட்டாதீர்கள்.

லன்_காவலன் | 7 மார்ச் 2024, காலை 7.48

விட்டுப்போனது ஒன்று. ஹோஸ்டும் கிளஸ்டர் என்பதால், விஎம் செட்டிங்கில் ஒவ்வொரு நிக்கின் அட்வான்ஸ்டு பக்கத்திலும் புரொடெக்டட் நெட்வொர்க் என்ற டிக் இயல்பாகவே போட்டிருக்கும். ஹோஸ்டின் அந்த கேபிள் அறுந்தால் விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு மைக்ரேட் செய்துவிடும். லேன் நிக்குக்கு அருமையான வசதி. ஐஸ்கஸி-ஏ, ஐஸ்கஸி-பி நிக்குகளில் எடுத்துவிடுங்கள். இன்னொரு பாதை நன்றாக இருக்கும்போது, எம்பிஐஓ அமைதியாக மாறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் விஎம்மைத் தூக்கி ஓட வேண்டிய அவசியம் இல்லை.

குட்டி_அட்மின் | 7 மார்ச் 2024, இரவு 8.40

1135 இருக்கிறது, லைவ் மைக்ரேஷன் நடந்த நிமிடத்திலேயே. ஹார்ட்பீட்டுக்கு இன்னொரு வழியாக ஐஸ்கஸி நெட்வொர்க்கையும் திறந்துவிட்டால் பாதை கூடும் அல்லவா?

கேபிள்ராணி | 7 மார்ச் 2024, இரவு 9.10

திறக்காதீர்கள். ஃபெயிலோவர் கிளஸ்டர் மேனேஜரில் இரண்டு ஐஸ்கஸி நெட்வொர்க்கும் கிளஸ்டர் போக்குவரத்துக்கு அனுமதி இல்லை என்ற நிலையில் இருக்க வேண்டும். பேக்கப் ஓடி ஸ்டோரேஜ் பாதை நிரம்பி வழியும்போது ஹார்ட்பீட்டும் அதே குழாயில் நசுங்கும். டிஸ்க் மெதுவானதற்கு நோடை வெளியேற்றிய கதை ஆகிவிடும்.

உங்கள் 1135-க்கு நெட்வொர்க் காரணமும் இல்லை. மைக்ரேஷனின் கடைசிக் கட்டத்தில் விஎம் சற்று நேரம் முழுதாக நிற்கும். அந்த நேரத்தில் அது ஹார்ட்பீட் அனுப்பாது, எத்தனை கேபிள் இருந்தாலும்.

லன்_காவலன் | 7 மார்ச் 2024, இரவு 9.35

ராணி சொன்னது சரி. எண் இதோ: ஹார்ட்பீட் 1000 மில்லிவிநாடிக்கு ஒன்று. சேம்சப்நெட்த்ரெஷோல்டு (எத்தனை ஹார்ட்பீட் தவறினால் நோடு வெளியேற்றப்படும் என்ற எண்) விண்டோஸ் சர்வர் 2012-ல் 5, 2016-ல் 10, 2019-ல் 20. உங்கள் விஎம்கள் 2016, ஆகவே 10 விநாடி மௌனம் ஆளை வெளியே தள்ளும். 20 ஆக்குங்கள். கிளஸ்டர் பண்பாக மாற்றினால் உடனே அமலாகும், ரீபூட் வேண்டாம். உண்மையில் செத்த நோடைக் கண்டுபிடிக்க 10 விநாடி கூடுதலாகும். எஸ்க்யூஎல் மறுபக்கம் எழுந்து ரிகவரி முடிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை.

லைவ் மைக்ரேஷன் 1 ஜிகாபிட்டில் ஓடுவதும் நிறுத்த நேரத்தை நீட்டும். எஸ்க்யூஎல் மெமரியை ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும், நகல் துரத்திக்கொண்டே இருக்கும். செயலில் இல்லாத நோடை மட்டும் மைக்ரேட் செய்யுங்கள். செயலில் உள்ளதை நகர்த்த வேண்டுமானால் முதலில் எஸ்க்யூஎல் ரோலை மறுபக்கம் தள்ளிவிட்டு நகர்த்துங்கள்.

இரண்டு விஎம்மும் ஒரே ஹோஸ்டில் போய் உட்காராமல் இருக்க ஆன்டிஅஃபினிட்டிகிளாஸ்நேம்ஸ் பண்பில் இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுங்கள். இது இல்லாத கெஸ்ட் கிளஸ்டர், ஒரு ஹோஸ்ட் விழுந்தால் முழுதாக விழும்.

குட்டி_அட்மின் | 9 மார்ச் 2024, மாலை 6.20

20 ஆக்கியபின் இரண்டு முறை மைக்ரேட் செய்தேன், 1135 இல்லை. ரிசர்வேஷன் டெஸ்ட் மட்டும் பாக்கி.

லன்_காவலன் | 10 மார்ச் 2024, காலை 8.00

இந்த அமைப்பின் அடித்தளமே இந்த டெஸ்ட்தான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பகிர்வு டிஸ்க் என்ற பெயர் பலரைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் ஃபைல் சிஸ்டத்துக்குப் பகிரத் தெரியாது. இரண்டு நோடும் ஒரே லன்னை ஒரே நேரத்தில் ஆன்லைன் செய்தால், இரண்டும் தனித்தனி கேஷ் வைத்துக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்று எழுதும். எரர் எதுவும் வராது, ஃபைல் சிஸ்டம் மட்டும் அழுகும். ஆகவே ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத வேண்டும், அதை உறுதி செய்ய வேண்டியது ஸ்டோரேஜ் பெட்டி. விண்டோஸ் 2003 வரை பழைய ரிசர்வ்-ரிலீஸ் கட்டளை. 2008-லிருந்து ஸ்கஸி-3 பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷன் கட்டாயம்.

நடப்பது இப்படி: டிஸ்கை எடுக்கும் நோடு தன் சாவியை லன்னில் பதிகிறது. பாதை இரண்டு என்றால் இரண்டு பாதையிலும் பதிய வேண்டும், ஏனென்றால் பதிவு இனிஷியேட்டர்-டார்கெட் ஜோடிக்கு உரியது. டிஸ்கை வைத்திருக்கும் நோடு ரிசர்வேஷனை எடுத்துக்கொண்டு, 3 விநாடிக்கு ஒருமுறை பதிந்திருக்கும் சாவிகளைச் சரிபார்க்கிறது. மற்ற நோடு பறிக்க நினைத்தால் தன் சாவியைப் பதிந்துவிட்டு 6 விநாடி காத்திருக்கும். உரிமையாளர் உயிரோடு இருந்தால் அதற்குள் அந்தப் புதுச் சாவியை அழித்துவிடும், பறிப்பவர் விலக வேண்டும். அழிக்கவில்லையென்றால் டிஸ்க் கை மாறும். கிளஸ்டர் பிளவுபட்டாலும் டேட்டா கெடாமல் நிற்பது இந்த ஆறு விநாடியால்தான்.

டெஸ்ட் ஃபெயில் ஆவதற்குப் பொதுவான காரணங்கள் மூன்று. பெட்டியின் ஃபர்ம்வேர் இந்தக் கட்டளைகளை ஆதரிக்காமலோ, பாதி ஆதரித்தோ இருக்கலாம். அப்படியென்றால் அந்தப் பெட்டி கிளஸ்டருக்கு ஆகாது, சமரசம் வேண்டாம். சின்ன என்ஏஎஸ் பெட்டிகளில் ஒரு டார்கெட்டுக்குப் பல இனிஷியேட்டரை அனுமதிக்கும் டிக் இயல்பாக அணைந்திருக்கும். இரண்டாவது நோடு லாகினே ஆகாது, அல்லது முதல் நோடைத் தள்ளிவிட்டு உள்ளே வரும். மூன்றாவது, லன்னில் பழைய கிளஸ்டரின் சாவி ஒட்டிக்கொண்டிருப்பது. அதற்கு கிளியர்-கிளஸ்டர்டிஸ்க்ரிசர்வேஷன் என்ற பவர்ஷெல் கட்டளை. எண்ணை இருமுறை பார்த்துவிட்டு ஓட்டுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கின் ரிசர்வேஷனை அழித்தால் பாதுகாப்பே போய்விடும்.

வேலிடேஷனில் ஸ்டோரேஜ் டெஸ்டுகளைப் புது லன்னுக்கு மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். ஓடும் டிஸ்கைத் தேர்ந்தெடுத்தால் டெஸ்ட் அதை ஆஃப்லைன் ஆக்கும்.

குட்டி_அட்மின் | 11 மார்ச் 2024, இரவு 10.15

இரண்டாவது காரணம்தான். டிக் போட்டதும் பாஸ். ஆனால் இன்னொரு புது நோடைத் தயார் செய்து டொமைனில் சேர்த்ததும், அதுவரை வந்துகொண்டிருந்த லன் ரீபூட்டுக்குப் பிறகு வரவில்லை.

கேபிள்ராணி | 11 மார்ச் 2024, இரவு 10.32

ஐக்யூஎன் (ஐஸ்கஸியில் கணினியின் அடையாளப் பெயர்) மாறியிருக்கும். விண்டோஸ் தன் ஐக்யூஎன்னைக் கணினியின் முழுப் பெயரிலிருந்து உருவாக்குகிறது. டொமைனில் சேர்ந்ததும் முழுப் பெயர் நீள்கிறது, என்ஏஎஸ் பழைய பெயருக்குத்தான் அனுமதி வைத்திருக்கிறது. இனிஷியேட்டரின் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் இருப்பதை அப்படியே எடுத்து என்ஏஎஸ்ஸில் சேருங்கள். வரிசை: பெயர் வை, டொமைனில் சேர், ரீபூட், அப்புறம்தான் ஐஸ்கஸி.

பென்குவின்_தாசன் | 14 மார்ச் 2024, பகல் 1.05

லினக்ஸ் நோடு வைத்திருப்பவர்களுக்கு இதே சிக்கல் தலைகீழாக வரும். அங்கே ஐக்யூஎன் ஒரு ஃபைலில் எழுதி வைக்கப்படுகிறது. டெம்ப்ளேட்டிலிருந்து விஎம்மை குளோன் செய்தால் இரண்டு நோடுக்கும் ஒரே ஐக்யூஎன். ஸ்டோரேஜ் இரண்டையும் ஒருவராக எண்ணும், செஷன்கள் ஒன்றையொன்று தள்ளும், ரிசர்வேஷன் சாவியும் குழம்பும். குளோன் எழுந்ததும் முதல் வேலை அந்த ஃபைலில் புதுப் பெயர் எழுதி ஐஸ்கஸி சேவையை ரீஸ்டார்ட் செய்வது.

லினக்ஸின் ஓப்பன்-ஐஸ்கஸியில் ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட் (அறுந்த இணைப்பு திரும்பக் காத்திருக்கும் நேரம்) இயல்பு 120 விநாடி. மல்டிபாத் போட்டிருந்தால் அது மிக அதிகம், 5 முதல் 15-க்குள் கொண்டுவாருங்கள். இதில் நாப் (உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் வெற்றுச் செய்தி) அனுப்பிப் பார்க்கும் வசதி இயல்பிலேயே 5 விநாடிக்கு ஒருமுறை ஓடுவதால், விஎம்முக்குள் லிங்க் விழாத குறை இங்கே அவ்வளவு கடிக்காது.

எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற சாதாரண ஃபைல் சிஸ்டம் எதையும் இரண்டு நோடில் மவுண்ட் செய்யாதீர்கள், ஒன்று ரீட்-ஒன்லியாக இருந்தாலும். உண்மையாகவே இருவரும் எழுத வேண்டுமென்றால் ஜிஎஃப்எஸ்2 அல்லது ஓசிஎஃப்எஸ்2 என்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம். ஜிஎஃப்எஸ்2-க்கு ஃபென்சிங் இல்லாமல் முடியாது. செத்ததாக நினைத்த நோடை நிச்சயமாக அணைக்க வழி வேண்டும், அதுவரை லாக் யாருக்கும் போகாது, மற்ற நோடும் மவுண்ட்டில் தொங்கும்.

குட்டி_அட்மின் | 15 மார்ச் 2024, காலை 7.40

எல்லாம் நிற்கிறது. பழைய கேள்விக்குத் திரும்புகிறேன்: ஷேர்டு விஎச்டிஎக்ஸ் எப்போது பொருந்தும்?

லன்_காவலன் | 15 மார்ச் 2024, இரவு 9.20

ஸ்டோரேஜ் நெட்வொர்க்கை விஎம்முக்குள் காட்டக் கூடாத இடங்களில். வாடகைக்கு விஎம் கொடுப்பவர்கள், அல்லது ஸ்டோரேஜ் ஃபைபர் சேனலில் வந்து ஐஸ்கஸியே இல்லாதவர்கள். ஃபைல் ஹோஸ்டின் சிஎஸ்வியிலோ (கிளஸ்டர் பகிர்வு வால்யூம்) எஸ்எம்பி 3 ஸ்கேல்-அவுட் ஷேரிலோ (விண்டோஸ் ஃபைல் ஷேர்) இருக்க வேண்டும், விஎம்மில் ஸ்கஸி கன்ட்ரோலரில் மாட்ட வேண்டும். 2012 ஆர்2-வின் ஷேர்டு விஎச்டிஎக்ஸில் ஹோஸ்ட் வழி பேக்கப் கிடையாது, ஓடும்போது அளவு கூட்ட முடியாது. 2016-ல் வந்த விஎச்டி செட் அவை இரண்டையும் தீர்த்தது. இன்று புதிதாகப் போவதென்றால் விஎச்டி செட் மட்டும்தான்.

ஐஸ்கஸியின் உண்மையான விலை பேக்கப்பில் இருக்கிறது. ஹோஸ்டிலிருந்து எடுக்கும் பேக்கப் அந்த டிஸ்கைப் பார்க்கவே பார்க்காது. விஎம் பேக்கப் வெற்றி என்று ரிப்போர்ட் வரும், உள்ளே சி டிரைவ் மட்டும் இருக்கும். எஸ்க்யூஎல் டேட்டாவுக்கு விஎம்முக்குள் ஏஜென்ட்டோ எஸ்க்யூஎல்லின் சொந்த பேக்கப்போ கட்டாயம். செக்பாயின்ட்டும் (விஎம்மின் ஒரு கண நிலையைப் பதிந்து வைப்பது) அப்படித்தான்: விஎம் பின்னோக்கிப் போகும், ஐஸ்கஸி டிஸ்க் போகாது. கிளஸ்டர் நோடில் செக்பாயின்ட் எடுக்கவே வேண்டாம்.

இன்னும் ஒரு படி பின்னால் போய்க் கேட்க வேண்டிய கேள்வி, பகிர்வு டிஸ்க் வேண்டுமா என்பது. எஸ்க்யூஎல் 2012-லிருந்து எஸ்எம்பி ஷேரில் ஃபெயிலோவர் கிளஸ்டர் வைக்கலாம். அவெய்லபிலிட்டி குரூப் (டேட்டாவின் நகலை எஸ்க்யூஎல்லே ஒவ்வொரு நோடிலும் வைக்கும் முறை) என்றால் ஒவ்வொரு நோடுக்கும் தன் சொந்த டிஸ்க், லன் ரிசர்வேஷன் எதுவும் இல்லை, இடம் மட்டும் இரட்டிப்பு. உங்கள் பெட்டி ஒற்றை கன்ட்ரோலர் என்ஏஎஸ். கிளஸ்டர் நோடு இரண்டு, ஸ்விட்ச் இரண்டு, ஹோஸ்ட் இரண்டு, ஸ்டோரேஜ் ஒன்று. அந்த ஒன்று விழும் நாளில் மேலே கட்டியது எதுவும் உதவாது. அடுத்த பட்ஜெட்டில் பணம் அங்கே போகட்டும்.

பென்குவின்_தாசன் | 21 செப்டம்பர் 2025, மாலை 5.45

இந்த இழையைப் பார்த்துவிட்டு பிராக்ஸ்மாக்ஸுக்கு (லினக்ஸ் அடிப்படையிலான விஎம் தளம்) என்ன செய்வது என்று தனியாகக் கேட்கிறார்கள். அங்கே வழக்கம் வேறு: ஐஸ்கஸியும் மல்டிபாத்தும் ஹோஸ்டில், மேலே எல்விஎம் (டிஸ்கை வால்யூம்களாகப் பிரிக்கும் லினக்ஸ் அடுக்கு), ஷேர்டு டிக். ஒவ்வொரு விஎம் டிஸ்கும் ஒரு லாஜிக்கல் வால்யூம், எந்த ஹோஸ்ட் எதைத் திறக்கலாம் என்பதை பிராக்ஸ்மாக்ஸ் பார்த்துக்கொள்ளும். எல்விஎம்-தின் இதில் கூடாது, அது ஒரே ஹோஸ்டுக்கு உரியது. இரண்டு ஹோஸ்ட் அதே தின் பூலைத் திறந்தால் பூல் போய்விடும். வால்யூம் குரூப்பை மல்டிபாத் டிவைஸின் மேல் உருவாக்குங்கள், தனிப் பாதை டிவைஸின் மேல் வேண்டாம். தடித்த எல்விஎம்மில் ஸ்னாப்ஷாட் இல்லை என்பது பெரிய குறையாக இருந்தது. பிராக்ஸ்மாக்ஸ் 9.0-ல் அது தொழில்நுட்ப முன்னோட்டமாக வந்திருக்கிறது. முன்னோட்டம் என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், சம்பளக் கணக்கு ஓடும் விஎம்மில் போட வேண்டாம்.

கோரோசிங்கை (பிராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டரின் ஹார்ட்பீட் சேவை) ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் விடாதீர்கள். மேலே ராணி ஹார்ட்பீட்டுக்குச் சொன்ன அதே காரணம். ஹெச்ஏ (ஹோஸ்ட் விழுந்தால் விஎம்மை வேறிடத்தில் எழுப்பும் வசதி) போட்டிருந்தால் விளைவு இன்னும் கடுமை: கோரம் (நோடுகளின் பெரும்பான்மை) இழந்த ஹோஸ்ட் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும்.

கேபிள்ராணி | 21 செப்டம்பர் 2025, இரவு 8.10

மல்டிபாத் டிவைஸ் எதுவென்று குழப்பம் வந்தால் மல்டிபாத் -எல்எல் ஓட்டி, லன்னின் டபிள்யூடபிள்யூஐடியை (மாறாத அடையாள எண்) என்ஏஎஸ் திரையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். எஸ்டிபி, எஸ்டிசி என்று லினக்ஸ் தரும் டிஸ்க் பெயர்கள் ரீபூட்டுக்கு ரீபூட் இடம் மாறும், அவற்றை எங்கேயும் எழுதி வைக்காதீர்கள்.